தோல் டாக்டருக்கு மெடிக்கல் வார்டில் என்ன வேலை?

அமெரிக்காவில் ஒருவர் தோல் மருத்துவராக வேண்டுமென்றால் நான்கு ஆண்டு கல்லூரிப் படிப்பு, அதன்மேல் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. இரண்டையும் முடித்து, பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளும் தகுதி வந்த பிறகும் நேராகத் தோல் மருத்துவத் துறைக்குள் நுழைந்துவிட முடியாது. அதற்கு முன்னால் ஒரு முழு வருடம் இன்டர்னாக உழைத்தாக வேண்டும். பெரும்பாலும் பொது மருத்துவ வார்டில். இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கும் முதியவர். குடியால் கல்லீரல் கெட்டு வயிறு உப்பி வந்தவர். சர்க்கரை எகிறி நினைவு தப்பி வந்த கல்லூரி மாணவர். இவர்களோடுதான் அந்த வருடம் கழியும்.

தோலுக்கு மட்டும் என்றில்லை. ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட், மயக்க மருத்துவர், நரம்பியல் மருத்துவர், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருபவர், பக்கவாதத்துக்குப் பின் நடக்கப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவர் என்று இந்த வாசலைத் தாண்டித்தான் பலரும் போகிறார்கள். 'பிரிலிமினரி இயர்' என்பது முறையான பெயர். வார்டுப் பேச்சில் 'பிரிலிம்'. சிலர் அறுவைச் சிகிச்சைத் துறையில் இந்த வருடத்தைக் கழிப்பார்கள். பல துறைகளைச் சுற்றிவரும் 'டிரான்சிஷனல் இயர்' என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் வார்டுச் சுமை குறைவு என்பதால் அதற்குப் போட்டி கடுமை. மற்ற பலருக்கும் பொது மருத்துவ பிரிலிம்தான்.

நம்மூர் வாசகருக்கு உடனே 'ஹவுஸ் சர்ஜன்' நினைவுக்கு வரும். ஒற்றுமை உண்டு, ஆனால் இடம் வேறு. இங்கே ஹவுஸ் சர்ஜன் வருடம் எம்.பி.பி.எஸ். பட்டத்தின் ஒரு பகுதி. அதை முடித்தால்தான் பட்டமே கிடைக்கும். பிறகு நீட் பி.ஜி. எழுதி ரேடியாலஜியோ தோலோ கிடைத்தால், முதல் நாளே அந்தத் துறையில்தான் காலடி. அமெரிக்காவிலோ பட்டம் வாங்கிய பிறகுதான் இந்த வருடமே தொடங்குகிறது. சம்பளம் உண்டு, கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, எழுதிக் கொடுக்கும் மருந்து நோயாளியின் நரம்பில் ஏறும். அதனால்தான் பொறுப்பும் கனமாகிவிடுகிறது. இங்கே எம்.டி. முடித்து அனுபவம் பெற்றவர்கள்கூட அங்கே போனால் பெரும்பாலும் மறுபடி இன்டர்னாகத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் தேவைதானா? தேவை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் அந்த வருடத்தைச் சுமக்கும் இளைஞர்களை மருத்துவமனைகள் நடத்தும் விதம் மாற வேண்டும். அதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு இடம், ஒரே நாள்

அமெரிக்க மருத்துவ மாணவர்களுக்கு மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை மறக்க முடியாத நாள். அன்றுதான் 'மேட்ச்' முடிவு. யாருக்கு எந்த மருத்துவமனையில் பயிற்சி என்பது அன்று தெரியும். 1952-இல் தொடங்கிய ஏற்பாடு இது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருவார்கள். மருத்துவமனைகளும் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை அதேபோல் வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் வைத்துக் கணினி பொருத்தம் பார்க்கும். இந்தக் கணக்குமுறையைச் செப்பனிட்டவர் பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத். இதுபோன்ற பொருத்தங்களின் கோட்பாட்டுக்காகவும் நடைமுறைக்காகவும் லாயிட் ஷேப்லியோடு சேர்த்து அவருக்கு 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. 2024 மேட்சில் 41,000-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள்.

பிரிலிம் தேவைப்படும் துறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதில் இரட்டை வேலை. சிறப்புத் துறை இடத்துக்கு ஒரு பட்டியல், முதல் வருட பிரிலிம் இடத்துக்கு இன்னொரு துணைப்பட்டியல். 2024 மார்ச்சில் ரேடியாலஜி கிடைத்தவருக்கு ரேடியாலஜி தொடங்குவது 2025 ஜூலையில். இடைப்பட்ட 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை வேறொரு மருத்துவமனையில் பிரிலிம். அது வேறு ஊராக இருக்கலாம், வேறு மாநிலமாகவும் இருக்கலாம். ஒரே வருடத்தில் இரண்டு முறை வீடு மாற வேண்டும். கணவனோ மனைவியோ வேலை பார்ப்பவராக இருந்தால் குடும்பமே இரண்டாகும்.

அதுவாவது பரவாயில்லை. சிலருக்கு இரண்டில் ஒன்று மட்டும் கிடைக்கும். சிறப்புத் துறை கிடைத்து பிரிலிம் கிடைக்காவிட்டால் அலைந்து திரிந்து ஒரு வருடத்தைத் தேடிப் பிடிக்கலாம். பிரிலிம் மட்டும் கிடைத்து அதற்குப் பிறகு போக இடமில்லாதவர்களின் நிலைமைதான் கொடுமை. அவர்களைப் பற்றிப் பிறகு.

இரவு இரண்டரை மணி

இன்டர்னின் பகல், ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். இரவுப் பணியில் இருந்தவரிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டு, தன் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குறித்துக்கொண்டு, 'அட்டெண்டிங்' எனப்படும் மூத்த மருத்துவரோடு ரவுண்ட்ஸ் போக வேண்டும். பிறகு மருந்து உத்தரவுகள், மற்ற துறைகளுக்கு அழைப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, புது அட்மிஷன். ஒரு முதல் வருட இன்டர்ன் ஒரே சமயத்தில் 10 நோயாளிகளுக்கு மேல் தொடர் பொறுப்பில் இருக்கக் கூடாது, ஒரு அட்மிஷன் நாளில் 5 பேருக்கு மேல் புதிதாக ஏற்கக் கூடாது என்று பயிற்சியை மேற்பார்க்கும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ. வரம்பு வைத்திருக்கிறது.

ஆனால் இந்த வருடத்தின் சாரம் இரவில் இருக்கிறது. இரவுப் பணியில் தன் நோயாளிகளோடு மற்ற இன்டர்ன்களின் நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களைப் பற்றி மாலையில் வாங்கிய சில வரிக் குறிப்புதான் கையில் இருக்கும்.

பேஜர் ஒலிக்கிறது. ஆய்வுக்கூடம் சொன்னதாக நர்ஸ் சொல்கிறார்: பதினான்காம் படுக்கைக்காரருக்குப் பொட்டாசியம் 6.8. இயல்பாக 5-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதான எழுபது வயதுக்காரர். தூங்கிக்கொண்டிருக்கிறார், வலி எதுவும் சொல்லவில்லை. இந்த எண் மெய்தானா, அல்லது ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்ததால் வந்த பொய்யா? மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் முடிவு வரும்வரை காத்திருந்தால் அதற்குள் இதயம் நின்றுபோகலாம். முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்ல வேண்டும். காகிதத்தில் டி அலைகள் கூராக உயர்ந்து நிற்கின்றன. ஆக, எண் பொய் இல்லை. உடனே கால்சியம் குளுக்கோனேட் நரம்பு வழியாக. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவலாக மட்டும் நிற்கும். பிறகு இன்சுலின், கூடவே குளுக்கோஸ். பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்லுக்குள் தள்ள. சர்க்கரை இறங்கிவிடாமல் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டைப் புரட்டினால் லிசினோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றுபவை. நிறுத்து. சீனியர் ரெசிடன்ட்டை அழை. தேவைப்பட்டால் டயாலிசிஸுக்குச் சிறுநீரக மருத்துவரை எழுப்பு.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். மாணவராகத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. படுக்கையருகே நின்றுகொண்டு, நர்ஸ் 'எத்தனை யூனிட் டாக்டர்?' என்று கேட்கும்போது வாயைத் திறந்து பதில் சொல்வது வேறு. அந்தப் பதிலைச் சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த வருடம்.

அதே இரவில் இன்னொரு அழைப்பு வரலாம். இறுதிக்கட்டப் புற்றுநோயாளி ஒருவர் போய்விட்டார், வந்து உறுதிசெய்ய வேண்டும். இன்டர்ன் அவரை உயிரோடு பார்த்ததே இல்லை. கைப்பட்டையில் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க வேண்டும். விளக்கடித்தால் கண்பாவை சுருங்குகிறதா, கழுத்தில் நாடி இருக்கிறதா, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஓசை ஏதும் கேட்கிறதா என்று பார்த்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். சட்டப்படி உறுப்புதான அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு மணிக்கு மகளைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். சுற்றி வளைக்காமல், 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். மழுப்பினால் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு விளங்காது, பொய்யான நம்பிக்கை பிறக்கும். அதைச் சொல்லிவிட்டு, மறுமுனையில் அழுகை அடங்கும்வரை தொலைபேசியை வைக்காமல் காத்திருக்க வேண்டும்.

நாளை இருட்டறையில் ஸ்கேன் படங்களோடு மட்டும் வாழப்போகும் ஒருவர் இந்த இரவைக் கடந்து போவது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

இருட்டறைக்குள் எடுத்துப் போவது

ரேடியாலஜிஸ்ட்டுக்கு வரும் கோரிக்கைச் சீட்டில் பெரும்பாலும் நாலைந்து சொற்கள்தான் இருக்கும். 'மூச்சுத்திணறல், நுரையீரல் ரத்தக்கட்டி உண்டா?' அந்தச் சீட்டை எழுதியவர் எந்த நிலையில் எழுதியிருப்பார் என்பது, ஒருகாலத்தில் அதே சீட்டை எழுதியவருக்குத்தான் தெரியும். படத்தில் பெரிய ரத்தக்கட்டி தெரிந்தால் அறிக்கையைத் தட்டச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போகமாட்டார். தொலைபேசியை எடுத்து வார்டுக்குச் சொல்வார், ஏனென்றால் அந்த முனையில் நின்று அந்த அழைப்புக்காகக் காத்திருந்தவர் அவர். சிறுநீரகம் பழுதானவருக்குக் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வி அவருக்கு விதிப்புத்தகச் சந்தேகமாக இருக்காது. அப்படிப்பட்ட நோயாளியை வாரக்கணக்கில் கவனித்தவர் அவர்.

தோல் மருத்துவத்தைப் பலரும் அழகுசார்ந்த துறையாக எண்ணுகிறார்கள். தவறு. வலிப்புக்கோ கவுட்டுக்கோ கொடுத்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் உடல் முழுக்கத் தடிப்பு, காய்ச்சல், கல்லீரல் வீக்கம் என்று வரும். சிலருக்குத் தோலே உரிந்து, தீக்காயம் பட்டவரைப் போலவே நீரும் உப்பும் வெளியேறி, கிருமி நுழைந்து உயிர் ஊசலாடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். அங்கே வார்டு டாக்டர் தோல் மருத்துவரைத்தான் அழைப்பார். வருபவருக்குத் தோல் மட்டும் தெரிந்தால் போதாது. கல்லீரல் எண்கள், ரத்த அணுக்கள், எந்த மருந்தை எப்போது தொடங்கினார்கள் என்ற வரிசை, இவையெல்லாம் ஒரே பார்வையில் மனதுக்குள் அமர வேண்டும். சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டோ உயிரியல் ஊசியோ எழுதும்போதும் இதே அறிவுதான் துணை.

மயக்க மருத்துவருக்கு இந்த வருடத்தின் பயனை விளக்க வேண்டியதே இல்லை. இதய வால்வு சுருங்கியவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஐ.சி.யூ.வில் கண்ணால் கண்டவருக்கு, அறுவை அறையில் ஊசியைக் கையில் எடுக்கும்போதே ஜாக்கிரதை வந்துவிடும். கதிர்வீச்சு மருத்துவருக்கோ, முதுகுத்தண்டில் புற்று அழுத்திக் கால் மரத்துப்போன நோயாளி நள்ளிரவில் வரும்போது எத்தனை மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

தூக்கமில்லாத பரம்பரை

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கற்பது நல்லதுதான், அதற்கு இவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டுமா?

1889-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது பொது மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லரும் அறுவைச் சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெடும் பொறுப்பேற்றார்கள். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவும் பகலும் நோயாளியோடு இருந்து கற்க வேண்டும் என்ற முறை அங்கேதான் வேரூன்றியது. 'ரெசிடன்ட்' என்ற பெயரே அங்கே தங்கியதால் வந்தது. படுக்கையருகே கற்பிப்பதை ஆஸ்லர் ஒரு வழிபாடு போலச் செய்தார். அந்த நல்லதும் நம்மிடம் வந்து சேர்ந்தது, தூங்காமல் உழைப்பதே வீரம் என்ற கெட்டதும் கூடவே வந்தது.

அதன் விலை தெரிய வந்தது 1984 மார்ச்சில். லிபி சயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் நியூயார்க் மருத்துவமனையில் இரவில் சேர்க்கப்பட்டாள். மன அழுத்தத்துக்காக ஃபெனல்சின் என்ற மருந்து சாப்பிட்டு வந்தவள். அதோடு சேரக்கூடாத மெபெரிடின் ஊசி போடப்பட்டது. மறுநாள் காலையில் இறந்துபோனாள். அந்த இரவில் அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி மருத்துவர்கள். இன்டர்னின் பொறுப்பில் வேறு பல நோயாளிகளும் இருந்தார்கள். தந்தை சிட்னி சயான் பத்திரிகையாளர், சட்டம் படித்தவர். மகளின் சாவை அவர் விடவில்லை. கிராண்ட் ஜூரி யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை, ஆனால் பயிற்சி முறையையே கண்டித்தது. டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. நாடு முழுவதும் 80 மணி வரம்பு வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாரத்துக்கு 80 மணி என்பது வரம்பு. அதாவது சட்டம் வந்த பிறகு, சராசரியாக, அதிகபட்சம் 80. இதை வாசகர் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடையில் நல்ல ஆய்வுகள் வந்தன. பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் ஐ.சி.யூ.க்களில் இன்டர்ன்களை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. நீண்ட ஷிஃப்ட் கொண்ட பழைய முறையில் வேலை செய்தபோது, குறுகிய ஷிஃப்டில் செய்ததைவிடத் தீவிரமான மருத்துவத் தவறுகள் 36 சதவீதம் கூடுதல். அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு: நீண்ட ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் காரோட்டிப் போகும் இன்டர்ன் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 2011-இல் முதல் வருட இன்டர்ன்களுக்கு மட்டும் தொடர்ச்சியாக 16 மணிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. ஷிஃப்ட் அடிக்கடி மாறுவதால் நோயாளி கைமாறிக்கொண்டே இருக்கிறார், இன்டர்ன் நோயின் போக்கை முழுதாகப் பார்க்க முடிவதில்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. பெரிய அளவில் ஒப்பிட்டு நடந்த சோதனைகளில் நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2017-இல் மறுபடி 24 மணி நேரத்துக்கு அனுமதி வந்துவிட்டது.

இதில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பொறுப்பைக் கைமாற்றும் நேரம் ஆபத்தானது என்பது மெய். அதைச் சீராகச் செய்யக் கற்றுக்கொடுத்த 'ஐ-பாஸ்' முறையை ஒன்பது மருத்துவமனைகளில் பரிசோதித்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆக, கைமாற்றத்துக்குத் தீர்வு உண்டு. தூக்கமின்மைக்குத் தூக்கத்தைத் தவிர வேறு தீர்வு இல்லை. 24 மணி நேரம் விழித்தவரின் கையில் மறுநாள் காலை மருந்துச் சீட்டைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவு நேரமும் நோயாளியோடுதான் கழிகிறதா என்றால், அதுவும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இன்டர்ன்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தார்கள். 2013-இல் வெளியான அந்தக் கணக்குப்படி, நோயாளியோடு நேருக்கு நேர் செலவான நேரம் 12 சதவீதம். கணினியோடு செலவானது 40 சதவீதம். ஆஸ்லர் கால் பதித்த அதே ஊரில் இப்படி!

இதைப் பற்றி உரக்கப் பேசியவர்களில் ஒருவர் நமக்குப் பழக்கமான கல்லூரியிலிருந்து போனவர். எத்தியோப்பியாவில் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, டென்னசியில் பயிற்சி பெற்று, ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான எழுத்தாளர் ஆபிரகாம் வர்கீஸ். கணினிக்குள் இருக்கும் நோயாளியின் பிம்பத்துக்கு ராஜ உபசாரம் நடக்கிறது, படுக்கையில் இருக்கும் நோயாளி காத்துக்கிடக்கிறார் என்பது அவருடைய நீண்டகால வாதம். கையால் தொட்டு, தட்டி, கேட்டுச் செய்யும் பரிசோதனையை மீட்பதற்காக ஸ்டான்ஃபோர்டில் தனிப் பயிற்சித் திட்டமே நடத்துகிறார். ஜி.எச். வார்டில் கற்ற எவருக்கும் அந்தக் கைப்பழக்கத்தின் அருமை தெரியும்.

யாருக்கும் சொந்தமில்லாத வருடம்

இன்டர்ன் வருடம் எல்லாருக்குமே கடினம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஸ்ரீஜன் சென் நடத்திவரும் ஆய்வில், இன்டர்ன்ஷிப்புக்கு முன் 3.9 சதவீதம் பேருக்கு இருந்த மனச்சோர்வு, அந்த வருடத்தில் சராசரியாக 25.7 சதவீதமாக உயர்ந்தது. 2010-இல் வெளியான எண்கள் இவை. அந்த வருடத்தில் எந்தச் சமயத்தில் பார்த்தாலும் சராசரியாக நான்கில் ஒருவர்.

பொது மருத்துவத்திலேயே மூன்று வருடம் இருக்கப் போகிறவருக்கு வார்டு அவருடைய வீடு. பேராசிரியர் அவரை அறிவார், அடுத்த வருடம் அவர் சீனியர், நாளை அதே துறையில் சக மருத்துவராகவும் வரலாம். பிரிலிமுக்கு இது எதுவும் கிடையாது. பன்னிரண்டு மாதத்தில் போய்விடுவார் என்று தெரிவதால் வழிகாட்டி யாரும் அமைவதில்லை. பல இடங்களில் கற்கும் வாய்ப்பு அதிகமுள்ள புறநோயாளி கிளினிக், விருப்பப் பாடம் போன்றவை மற்றவர்களுக்குப் போய், வார்டு மாதங்களும் இரவுகளும் பிரிலிமுக்கு வந்து சேரும். சேரப்போகும் ரேடியாலஜித் துறை இன்னும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இருக்கும் வார்டும் அவரைத் தன்னவராக நினைப்பதில்லை. அவர் தளர்ந்தால் கவனிக்கும் கண் இரண்டு பக்கமும் இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேலையாக இது மாறும்போது, இந்த வருடத்தின் அடிப்படை நியாயமே குலைகிறது.

இதற்கு வழி கண்ட துறைகளும் இருக்கின்றன. கண் மருத்துவம் முதல் வருடத்தைத் தன் பயிற்சியோடு இணைத்துக்கொண்டுவிட்டது. அந்த வருடத்திலேயே மூன்று மாதம் கண் துறையில் வேலை. மயக்க மருத்துவத்தில் பல இடங்கள் இப்போது நான்கு வருடத்தையும் ஒரே மருத்துவமனையில், ஒரே ஒப்பந்தத்தில் தருகின்றன. வார்டும் இரவும் பொட்டாசியமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த இன்டர்ன் யாருடைய பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. தோலும் ரேடியாலஜியும் இந்த வழிக்கு முழுமையாக வர வேண்டும்.

ஜூன் 30-க்குப் பிறகு?

கடைசியாக, பிரிலிம் மட்டும் கையில் இருப்பவர்கள். இவர்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் கணிசம். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் எம்.பி.பி.எஸ். படித்து, அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை எழுதி, கடன் வாங்கி விமானம் ஏறி அங்குள்ள மருத்துவமனைகளில் சில காலம் பழகி, கடைசியில் மேட்சில் இடம் கிடைக்காமல், எஞ்சிய இடங்களுக்கான இரண்டாம் சுற்றில் ஒரு வருட பிரிலிமைப் பிடிக்கிறவர்கள். ஆண்டுதோறும் நிரம்பாமல் எஞ்சும் இடங்களில் அறுவைச் சிகிச்சை பிரிலிம் இடங்கள் நிறைய. எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் நல்ல பெயர் எடுத்து நிரந்தர இடம் வாங்கிவிடலாம் என்பது நம்பிக்கை. சிலருக்கு அது பலிக்கிறது. பொது மருத்துவத்தில் யாராவது விலகினால் அந்த இரண்டாம் வருட இடம் உழைப்பாளி பிரிலிமுக்குக் கிடைப்பதுண்டு.

பலிக்காதவர்களின் கணக்கு வேறு. 80 மணி வாரத்துக்கு நடுவே அடுத்த மேட்சுக்கு விண்ணப்பம், நேர்காணல், யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 3 தேர்வு. ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் முடியும். ஜே-1 விசா என்றால் பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்ப 30 நாள் அவகாசம். ஒரு வருடப் பயிற்சியை வைத்துக்கொண்டு அங்கே தனியாக மருத்துவம் பார்க்கவும் முடியாது, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் உரிமம் தர அதைவிடக் கூடுதல் வருடங்கள் கேட்கின்றன. பயிற்சி இடங்களுக்குப் பெரும்பணம் தருவது 1965-இல் வந்த மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. அது பணம் தரும் இடங்களின் எண்ணிக்கைக்கு 1997-இல் சட்டம் உச்சவரம்பு போட்டுவிட்டது. அதனால் மேல் வருட இடங்கள் எளிதில் பெருகுவதில்லை. போக வழியில்லாதவர்களை அழைத்து ஒரு வருடம் வேலை வாங்கிக்கொண்டு கைவிடுவது அநியாயம். தொடர்ச்சிக்கு வழியில்லாத பிரிலிம் இடங்களைக் குறைப்பதோ, அந்தப் பணத்தை முழுப் பயிற்சி இடங்களாக மாற்றுவதோ அங்குள்ள அமைப்புகளின் கடமை.

நம் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பட்டியலில் பிரிலிம் இடத்தைச் சேர்க்கும் முன் அந்த மருத்துவமனையிடம் நேராகக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் பிரிலிம் செய்த வெளிநாட்டுப் பட்டதாரிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? விசாவுக்கு ஒப்புதல் தருவீர்களா? இரண்டாம் வருட இடம் காலியானால் பிரிலிமுக்கு முன்னுரிமை உண்டா? அடுத்த மேட்ச் விண்ணப்பத்துக்காகச் செப்டம்பருக்குள் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகும் பேராசிரியர் யார்? அங்கே இப்போது பிரிலிமாக இருப்பவரிடமும் தனியாகப் பேசுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விலகுங்கள். அடுத்த ஜூலையில் சேர சிறப்புத் துறை இடம் உறுதியாகக் கையில் இருந்தால் பிரிலிம் வருடத்தைத் தயங்காமல் ஏற்கலாம். அது இல்லையென்றால், பெயர்பெற்ற பெருநகர மருத்துவமனையின் ஒரு வருடத்தைவிட, பெயர் தெரியாத சிற்றூரில் கிடைக்கும் மூன்று வருடப் பொது மருத்துவ இடமோ குடும்ப மருத்துவ இடமோ நிச்சயம் மேல்.